நாடன், நாஞ்சில்: வாங்கிய கோப்புகளை அடுக்குவது பற்றி

2024 ஆகஸ்டில் டி அண்ட் டி பியாண்ட் தளம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் புதிய விதிகள் வரவிருப்பதால், வாசகர்கள் ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கிய 2014ஆம் ஆண்டு விதிகளின் மந்திரங்களும் மாயப்பொருள்களும் பாத்திரத் தாள்களில் புதிய வடிவத்துக்கு மாற்றப்படும் என்றது அது. பழையதே வேண்டுமென்பவர்கள் அவற்றைத் தாங்களே தட்டச்சு செய்து சேர்த்துக்கொள்ளலாமாம். எதிர்ப்பு வலுக்கவே சில நாள்களில் அம்முடிவு கைவிடப்பட்டது. ஆனால் வாங்கியவரின் அலமாரிக்குள் விற்றவரின் கை நீளமுடியும் என்பது வெளிப்பட்டுவிட்டது.

மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் இவ்வகை விளையாட்டுக்காரர்களுக்கு இது முதல் பாடமன்று. 2009 ஏப்ரலில் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் தன் பிடிஎஃப் நூல்களை இணையக் கடைகளிலிருந்து திடீரென விலக்கிக்கொண்டபோது, வாங்கியும் தரவிறக்காமல் விட்டிருந்தவர்கள் தவித்தார்கள். அதன்பின் அச்சமூகத்தில் ஓர் ஒழுக்கம் வேரூன்றியது: வாங்கிய அன்றே தரவிறக்கு, பெயரிடு, பதிப்பெண்ணைக் குறி, வேறோர் இடத்திலும் ஒரு படி வை. ஒரு தொகுப்பு வாங்கினால் விதிநூல், சாகசக் கதை, நிலவரைபடம், பாத்திரத் தாள், அச்சிடத் தோதான மாற்றுவடிவம் என முப்பது நாற்பது கோப்புகள் ஒருசேர வந்து விழும். அவற்றை ஒழுங்குசெய்யாதவர், ஆட்டம் நடக்கும் மாலையில் வேண்டிய பக்கத்தைத் தேடியே பொழுதைக் கழிப்பார்.

பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் இந்த ஒழுக்கம் அரிது. மேற்கோள் காட்டிய மின்னூல் எந்தப் பதிப்பு, என்று தரவிறக்கியது, அது இன்றும் அதே பாடத்தோடு இருக்கிறதா என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர் சிலரே. ‘புதியது (2) இறுதி’ என்ற பெயரில் கிடக்கும் கோப்புகளின் மீது முனைவர் பட்ட ஆய்வேடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. சுவடிக்குச் சுவடி பாடவேறுபாடு குறித்த உ.வே. சாமிநாதையரின் துறையில்தான் இந்த அலட்சியம் என்பது வேடிக்கை.

சிக்கல் சோம்பல் மட்டுமன்று, கோப்புறை என்ற அமைப்பிலும் இருக்கிறது. கோப்புறைக்குள் கோப்புறை எனச் செல்லும் மரத்தில் ஒரு பொருளுக்கு ஒரே இடந்தான். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலுள்ள எருத்தேன்பதியை எடுத்துக்கொள்ளலாம். ஆட்சி கேரளத்துடையது, மக்களில் பெரும்பாலோர் பேசுவது தமிழ். அது அடங்கிய சிற்றூர் வட்டம் மலபாரைச் சேர்ந்ததன்று, கொச்சி அரசின்கீழ் இருந்தது; பாலக்காட்டு மாவட்டம் 1957இல் உருவானபோதுதான் அதனோடு இணைந்தது. வட்டத்தின் பாசனமோ 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தோடு பிணைந்தது. இவ்வூரின் பேச்சுவழக்கு பற்றி வாங்கிய ஒரு மின்னூலை எங்கே வைப்பது? ‘கேரளம்’ என்பதிலா, ‘கிளைமொழி’ என்பதிலா, ‘கொச்சி வரலாறு’ என்பதிலா? எதில் வைத்தாலும் மற்ற இரு வழிகளில் தேடி வருபவருக்கு அது இல்லாத நூல்.

இதற்கு விடை சொன்னவர் சீர்காழிக்காரர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, நூலை ஆயத்த அறையொன்றுக்குள் தள்ளவில்லை. அதன் முகங்களைத் தனித்தனியே பிரித்துக் குறித்து, பின் கோத்தது. லண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ பொம்மைத் துண்டுகள் அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்ததாகச் சொல்வர். விளையாட்டுப் பொருளில் பிறந்த முறை விளையாட்டு நூல்களுக்கும் பொருந்துவதில் வியப்பில்லை. விதிமுறை எது, கோப்பின் வகை என்ன, கதைக்களம் எது, எந்த நிலையிலுள்ள பாத்திரங்களுக்கு, எந்த ஆண்டுப் பதிப்பு என்று முகமுகமாகக் குறித்தால் ஒரே கோப்பு ஐந்து வழிகளில் கைக்கு வரும். எருத்தேன்பதி நூலுக்கும் இடம், மொழி, காலம், துறை என்ற முகங்களே போதும்.

கருவிக்குப் பஞ்சமில்லை. கோவித் கோயல் என்ற இந்தியர் 2006இல் தொடங்கிய காலிபர் மென்பொருள் இலவசம். வேண்டிய முகங்களைப் புதுப் பத்திகளாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தமிழுக்கு அது அப்படியே ஒத்துவராது. ஆசிரியர் பெயரின் கடைச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு முன்னே தூக்கி வைக்கும் அதன் இயல்பால் நாஞ்சில் நாடன் ‘நாடன், நாஞ்சில்’ ஆகிவிடுகிறார்; தோப்பில் முஹம்மது மீரான் மகரத்துக்குப் போய்விடுகிறார். அமைப்பில் அதை மாற்ற இரண்டு நிமிடம் போதும், மாற்றவேண்டும் என்று தெரிந்தால். பழைய எழுத்துருக்களில் ஆக்கப்பட்ட பிடிஎஃப்கள் இன்னும் மோசம்: கண்ணுக்குத் தமிழ், தேடலுக்கு வெறும் குப்பை எழுத்து. அவற்றுக்குத் தலைப்பும் பொருட்குறியும் யூனிகோடில் கையால் இட்டாலன்றி அவை எந்த வழியிலும் அகப்படா.

பூட்டுப் போட்ட மின்னூல்களின் கதை வேறு. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணம் திரும்பியது, நூல்கள் மறைந்தன. ஓரக்குறிப்புகள் எழுதியிருந்தவர்களுக்கு ஒரு சிறு தொகை கூடுதலாகக் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் நடப்புக்கு வந்த சட்டம், விற்பது உரிமம் மட்டுமே எனில் கடைகள் அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்கிறது. இங்கே அப்படிச் சொல்லவைக்கும் சட்டம் வரும்வரை, பூட்டில்லாத வடிவில் கிடைக்கும் நூலை அவ்வடிவிலேயே வாங்குவதும், துறை நூலகங்கள் ஆய்வு மாணவர்க்கு முதல் பருவத்திலேயே கோப்புப் பட்டியலிடக் கற்பிப்பதும் செய்யக்கூடியவை. ஆய்வேட்டோடு அதன் மின்மூலங்களின் பதிப்பும் தரவிறக்க நாளும் அடங்கிய பட்டியலைக் கேட்டு வாங்கலாம். அதற்கு எந்த நிதிநல்கையும் தேவையில்லை.