ஆபீஸ் வேலையா போய் ஒகேனக்கல் பார்த்தா, சனிக்கிழமை ரூம் வாடகை யார் கணக்கு?

தருமபுரியில இருந்து பென்னாகரம் போற ரோட்டுலதான் இண்டூர் இருக்கு. லீவு நாள்ல அந்த வழியா ஒகேனக்கல் போற வண்டிகளைப் பார்த்திருப்பீங்க. அதுல சிலர் ஓசூருக்கோ சேலத்துக்கோ ஆபீஸ் வேலையா வந்தவங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிஞ்சதும், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பரிசல்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம்"னு கிளம்பினவங்க.

போக்குவரத்துச் செலவை ஏற்கனவே கம்பெனி குடுத்தாச்சு. உங்க கைக்காசு ஒரு நாள் ரூம், சாப்பாடு, பரிசல் மட்டும்தான். சம்பளக்காரங்களுக்கு இதைவிட மலிவான டூர் கிடையாதுன்னே சொல்வேன்.

சிக்கல் பில்லுலதான் வருது. எனக்கே நடந்திருக்கு. மூணு ராத்திரிக்கும் சேர்த்து ஒரே பில்லா போட்டுக் குடுத்துட்டாங்க. அக்கவுண்ட்ஸ்ல மொத்த கிளெய்மையும் நிறுத்தி வச்சுட்டாங்க. ஒரு நாள் சொந்தச் செலவுக்காக, ரெண்டு நாள் ஆபீஸ் காசும் மாட்டிக்கிச்சு.

அக்கவுண்ட்ஸ்காரங்களையும் குறை சொல்ல முடியாது. ஆபீஸ் வேலையா தங்கின செலவைத் திருப்பித் தந்தா அது உங்க வருமானம் இல்லை. ஆனா ஆபீஸ் பயணத்தை விடுமுறையா நீட்டிச்சு, அந்தக் கூடுதல் நாளுக்கும் கம்பெனியே காசு குடுத்தா, அந்த நாள் செலவு மட்டும் சம்பளத்தோட சேரும் சலுகைன்னு வருமான வரி விதிகள் சொல்லுது. வரி கட்டணும். அதே மாதிரி கம்பெனி ஜிஎஸ்டி நம்பர்ல உங்க சொந்த ராத்திரியைச் சேர்க்கவும் கூடாது.

அதனால ஹோட்டல்காரங்ககிட்ட நான் கேட்கிறது நீச்சல் குளம் இல்லை. வெள்ளி காலை வரைக்கும் கம்பெனி பேர்ல ஒரு பில், அப்புறம் என் பேர்ல இன்னொரு பில். ரூமை மாத்தச் சொல்லாம, கேட்காமலே இதைப் பண்ற ஹோட்டலுக்கு அடுத்த தடவையும் போவேன். கூட வேலை பார்க்கிறவங்களுக்கும் சொல்வேன்.

வாடகையிலயும் ஒண்ணு இருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சது. 2,000 ரூபாய் ரூமுக்கு 240 கட்டின இடத்துல இப்போ 100. ஆனா ஹோட்டல்காரங்க தாங்க வாங்குற பொருளுக்குக் கட்டின வரியை இனி கழிச்சுக்க முடியாது. அதை வாடகையில ஏத்தினா நமக்கு மிச்சம் குறையும். வார நாள்ல ஒரு ரேட், சனிக்கிழமை ஒரு ரேட்னு வைக்கிறது அவங்க வியாபாரம்தான். இருந்தாலும் ஏற்கனவே ரெண்டு நாள் தங்கினவருக்கு மூணாவது நாளும் அதே ரேட் குடுத்தா என்ன நஷ்டம்? புதுசா ஆள் பிடிக்கிற செலவு மிச்சம்தானே!

ஒகேனக்கல்ல இன்னொரு விஷயம். காவிரியில தண்ணி வரத்து கூடினா பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுடுவாங்க. அன்னைக்கு காலையிலயே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ், "இன்னைக்கு பரிசல் இல்லை, பணம் பிடிக்காம தேதி மாத்தித் தர்றோம்"னு. இல்லைன்னா, "பாப்பாரப்பட்டியில சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கு, போயிட்டு வாங்க"ன்னாவது சொல்லலாம். 1925-ல அவர் காலமானது அந்த ஊர்லதான்.

அடுத்த ஆபீஸ் டூருக்கு ரூம் போடும்போது, ரெண்டு பில் தருவீங்களான்னு போன்லயே கேட்டுடுங்க. செக்-அவுட் கவுண்டர்ல நின்னுக்கிட்டு கேட்டா, "சிஸ்டம்ல வராது சார்"னுதான் பதில் வரும்.