மகன் வாங்கிய பழைய சத்ரியா



என் மகன் தன் சேமிப்பில் பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஒன்றை வாங்கியுள்ளான். 1998 முதல் 2005 வரை தயாரான 1.8 லிட்டர் மகிழுந்து. மறுநாளே புதிய ரிம், உறுமும் புகைக்குழாய் என்று பட்டியலிட்டு என்னிடம் பணம் கேட்டான். மறுத்துவிட்டேன்.

முதற்பணம் கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கே செல்ல வேண்டும் என்பது என் கருத்து. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு இரசீது இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். (கையொப்பமில்லாத தேர்வுத்தாளை நாம் அப்படித்தானே கருதுகிறோம்?) ஓடும்போது அது அறுந்தால் இயந்திரமே பாழாகலாம்.

அதனினும் முக்கியம் பிரேக் எண்ணெய். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நீர் சேரச் சேரக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது குழாயினுள் ஆவி உண்டானால், மிதி தரைவரை அமிழும், வண்டி நிற்காது. ஈராண்டுக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு, ஒரு ரிம்மின் விலைகூட இல்லை.

டயரின் பக்கவாட்டிலிருந்த நான்கு இலக்கங்களை அவனையே படிக்கச் சொன்னேன்: 1214. அதாவது 2014-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம்! தேய்மானம் அதிகமில்லை, இரப்பரில்தான் எங்கும் வெடிப்பு.

வண்டி இப்போது பட்டறையில் இருக்கிறது, என் செலவில். மகனின் கோபம் இன்னும் தணியவில்லை.