ஐவி வழக்கும் காசினோவின் கடமையும்

போக்கர் ஆட்டக்காரர் பில் ஐவிக்கும் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் காசினோவுக்கும் நடந்த வழக்கில், சீட்டின் முதுகுச் சித்திரத்தில் ஓரங்களின் வேற்றுமையைக் கண்டு அதன் மதிப்பை அறியும், ஐவி கையாண்ட எட்ஜ் சார்ட்டிங் முறை சட்டப்படி மோசடியே என்றும், ஆகவே 2012 ஆகஸ்டில் அவர் வென்ற ஏறத்தாழ 77 இலட்சம் பவுண்டைக் காசினோ கொடுக்க வேண்டியதில்லை என்றும் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் 2017 அக்டோபர் 25 அன்று ஏகமனதாகத் தீர்ப்பளித்துவிட்ட பின்னர், சீட்டாட்டத்தைத் தொழிலாகக் கொண்டோருக்காக நடக்கும் இப்பத்திரிகை தன் அபிப்பிராயத்தைச் சொல்லாதிருத்தல் முறையன்று.

ஐவியின் ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு, கிராக்ஃபோர்ட்ஸின் புன்ட்டோ பாங்கோ மேசையில் அவர் கண் சீட்டின் முதுகில் பதிந்தது வியப்பளித்திராது. 2000-இல் பாட் லிமிட் ஒமாஹாவில் அமரில்லோ ஸ்லிம்மை வென்று உலகப் போக்கர் தொடரின் (WSOP) முதல் பிரேஸ்லெட்டைப் பெற்று, 2002-இல் ஒரே ஆண்டில் மூன்றை ஈட்டி, 2024-இல் பதினொன்றை எட்டிய அவருக்கு, அவற்றுள் ஒன்றுகூட நோ லிமிட் ஹோல்டெமில் கிடைத்ததன்று. ஸ்டட், டிரா, ஒமாஹா, கலப்பாட்டம் என்று எதில் உட்கார்ந்தாலும், எதிராளியின் கையசைவையும் பந்தயம் வைக்கும் தயக்கத்தையும் இமைகொட்டாமல் நோக்கி, நோக்கியறிந்ததை ஒரு சொல்லும் பேசாமல் ரெய்ஸாக மாற்றுவதே அவருடைய சாமர்த்தியம். பேச்சால் மேசையைக் கலக்கும் சக ஆட்டக்காரர் பில் ஹெல்முத்தின் மார்க்கம் வேறு. 2006-இல் டெக்சாஸ் வங்கியாளர் ஆன்டி பீலிடம் மூன்றே நாளில் 1 கோடியே 60 இலட்சம் டாலருக்கு மேல் வென்றதும் அந்த மௌனமான அவதானத்தினால்தான்.

மூடநம்பிக்கை என்ற பாவனையில், விஷயமறியாத டீலரைக்கொண்டு சீட்டுகளைத் திருப்பச் செய்தது வெறும் அவதானத்தைக் கடந்த செயல் என்ற நீதிமன்றத்தின் காரணத்தை நாமும் மறுக்கவில்லை. தாம் மோசடி செய்யவில்லை என்று ஐவி மனமார நம்பினார் என்பதை விசாரணை நீதிபதியே ஏற்றபோதிலும், அந்நம்பிக்கை அவரைக் காக்கவில்லை, அதுவும் இருக்கட்டும். ஆனால் முதுகின் சித்திரம் இரு ஓரத்திலும் ஒத்திராத சீட்டுக் கட்டை மேசைக்குக் கொணர்ந்தது யார்? அதே ஷூவை மீண்டும் மீண்டும் ஆட இசைந்ததும், சீட்டைத் திருப்பாத கலைப்பு இயந்திரத்திற்கு உடன்பட்டதும், ஆட்டம் முடிந்த பின்னரே காமிராப் பதிவைத் துருவியதும் யார்? ஐவி தோற்றிருப்பாராயின், சீட்டு குறைபாடுடையது, ஆட்டம் செல்லாது என்று எந்தக் காசினோவேனும் அவருடைய பணத்தைத் திருப்பித் தந்திருக்குமா? அதே குறைபாடுள்ள கட்டுகளில் தோற்று எழுந்துபோகும் சாமானிய ஆட்டக்காரனுக்கு இத்தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. நியூ ஜெர்சியில் போர்காட்டா காசினோ தொடுத்த இத்தகைய வழக்கிலும், ஐவி வஞ்சகம் செய்யவில்லை, ஒப்பந்தத்தை மீறினார் என்று மட்டும் கண்ட நீதிமன்றம், 1 கோடியே 1 இலட்சம் டாலரைத் திருப்பித் தரச் சொன்னது ஆட்டக்காரனைத்தான். மேசையின் தூய்மைக்கு ஆட்டக்காரன் மட்டுமே ஜவாப்தாரி என்ற இந்த ஒருதலை நியதியைப் பல்லாண்டுகளாக நாம் கண்டித்து வருகிறோம். அதிகாரிகளோ, காசினோவின் வருமானத்தைக் காப்பதில் காட்டும் சிரத்தையில் பாதியையும் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருப்பவன்பால் காட்டியதில்லை.

ஒவ்வொரு கட்டின் முதுகையும் பரிசோதித்தே மேசைக்கு அனுப்ப வேண்டுமென்பதை உரிமத்தின் நிபந்தனையாக்கி, அதில் தவறிய காசினோ, தானே இசைந்து நடத்திய ஆட்டத்தின் பலனைப் பின்னர் மறுக்கவொண்ணாதபடி பிரிட்டிஷ் சூதாட்ட ஆணையம் உடனே விதி செய்ய வேண்டும்.