சுரண்டுகிறவர் உடம்பில் சேரும் ஈயம்

தை பிறக்கும் முன் வீட்டுக்கு வண்ணம் அடிப்பது கொங்குச் சீமையின் வழக்கம். பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் கதவும் ஜன்னல் கம்பியும் நாற்பது, ஐம்பது வருடப் பெயிண்டைச் சுமந்து நிற்கின்றன. புதுப் பூச்சு ஒட்ட வேண்டுமானால் பழையதைச் சுரண்டியாக வேண்டும். அதற்கு ஆள் பேசும்போது வீட்டுக்காரர் கேட்பது இரண்டு கேள்விகள்: என்ன கூலி? எத்தனை நாளில் முடியும்? கேட்கப்படாத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. சுரண்டப்போகும் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா?

நிறம் எடுப்பாக நிற்கவும், சீக்கிரம் உலரவும், துருப் பிடிக்காமல் இருக்கவும் எனாமல் பெயிண்டுகளில் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் இது அதிகம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி வெளியிட்டது 2016 நவம்பரில்தான். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். ஆகவே அதற்கு முன்பு எனாமல் அடித்த கதவையும் ஜன்னலையும், சோதித்துப் பார்க்காதவரை, ஈயம் உள்ளதாகக் கருதுவதே பாதுகாப்பு. வெறும் சுண்ணாம்பு அடித்த சுவர்களுக்கு இந்த அச்சம் இல்லை.

உரியாமல் கெட்டியாக இருக்கும் பெயிண்ட் பெரிய தீங்கு செய்வதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், ப்ளோ லாம்ப் வைத்துக் கருக்கும்போதும்தான் அது தூசியாகவும் புகையாகவும் மாறி மூக்கில் ஏறுகிறது. கையில் படிந்த தூசி சோற்றோடு வயிற்றுக்குள் போகிறது. உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு, ரத்தசோகை, தலைவலி என்று அது வெளிப்படும்போது யாரும் ஈயத்தைச் சந்தேகிப்பதில்லை. ‘குடிக்கிறான், அதனால்தான்’ என்று தொழிலாளி மீதே பழியைப் போட்டு முடித்துவிடுகிறோம்.

இது அவரோடு நிற்பதும் இல்லை. வேலைத் துணியோடு வீட்டுக்குப் போகிறார். மனைவி அதை உதறித் துவைக்கிறார். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. உள்ளே போகும் ஈயத்தைக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக ஈர்த்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றும் சொல்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பில் ஈயம் இன்னும் எளிதாக ஏறும். கற்கும் திறனையும் கவனத்தையும் அது குறைக்கும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய களவு வேறென்ன இருக்க முடியும்?

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. பண்ணையத்தை விட்டு வெளியேறிய நம் குடியிருப்புகளின் இளைஞர்கள் பலர் பெயிண்ட் வேலைக்குத்தான் போகிறார்கள். ஈயத்தைத் தடுக்க இருப்பதிலேயே மலிவான வழி, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. ஆனால் சாரத்தில் ஏறி மூன்று நாள் சுரண்டியவருக்கு அந்த வீட்டின் குழாய் கிடைக்கிறதா? கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றிய ஊர்களில் இன்று காகித டம்ளர் வந்திருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். தண்ணீர் மேலே இருந்து ஊற்றப்படுகிறது. சோறு வாசலுக்கு வெளியே, தூசி விழுந்த இடத்திலேயே உண்ணப்படுகிறது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்துவிட்டதாகச் சொல்லும் தீண்டாமை, இங்கே நஞ்சை வாய்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

1921-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வீட்டு உட்புறப் பூச்சில் வெள்ளை ஈயத்துக்குத் தடை விதிக்கும் உடன்படிக்கையை ஏற்றது. பெயிண்டர்கள் கழுவிக்கொள்ள வசதி வேண்டும், மேலாடை வேண்டும் என்று அப்போதே அதில் எழுதினார்கள். இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் ஈய நஞ்சைத் தொழில் நோயாகப் பட்டியலிட்டது. ஆனால் 1996-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவான ஆட்களை வைத்து நடக்கும் வேலையையும், பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையையும் தன் வரம்புக்கு வெளியே விட்டது. இரண்டு பேர், ஒரு மேஸ்திரி என்று நடக்கும் பெயிண்ட் வேலை அந்த இடைவெளியில்தான் விழுந்தது.

பெட்ரோலில் கலந்த ஈயத்தை 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தினார்கள். அந்தப் புகை எல்லோர் மூக்கிலும் ஏறியது. பழைய கதவின் தூசியோ பெரும்பாலும் கூலிக்காரர் மூக்கில்தான் ஏறுகிறது.

வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியவை இவை. பழைய பெயிண்டை உலர்ந்தபடி தேய்க்கச் சொல்லாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டச் சொல்லுங்கள். நெருப்பு வைக்கக் கூடாது. ஈரமாகச் சுரண்டினால் நேரம் கூடும். எனவே அந்த வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசாமல் நாள் சம்பளத்தில் பேசுங்கள். சதுர அடிக் கணக்கில், ஜாக்கிரதையாக இருப்பவருக்கே நட்டம். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, என்-95 முகக்கவசம், சோப்பு ஆகிய செலவை நீங்கள் ஏற்க வேண்டும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தள்ளி வையுங்கள். குழாயைத் திறந்துவிடுங்கள். உங்கள் பேரப்பிள்ளையும் அந்தத் தரையில்தான் தவழப்போகிறது.

தொழிலாளத் தோழர்களே, கை கழுவாமல் பீடியோ வெற்றிலையோ தொடாதீர்கள். வேலைத் துணியை அங்கேயே மாற்றி, தனியாகத் துவையுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். பெயிண்டர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ரத்த ஈயப் பரிசோதனையை வாரியம் இலவசமாக நடத்த வேண்டும் என்று சங்கமாகக் கேளுங்கள். பழைய பள்ளி, அங்கன்வாடி, விடுதிக் கட்டடங்களுக்கு மராமத்து டெண்டர் விடும்போது ஈயச் சோதனையையும் ஈரச் சுரண்டலையும் நிபந்தனையாக்குவது அரசின் கடமை.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் எத்தனை பேர் பெயிண்ட் வேலைக்குப் போகிறார்கள், எத்தனை பேருக்குக் கை கழுவத் தண்ணீர் கிடைக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதைக் கிராமசபையில் வாசியுங்கள். வாரியத்திடமும் ஆட்சியரிடமும் மனுவாகக் கொடுக்க அந்த நோட்டு போதும்.