லோங்காங்குக்கு யார் பொறுப்பு?

ஆகஸ்டு மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டிய வீட்டு வரி பில் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. சுக்காய் பிந்து என்று நாம் சொல்வோமே, அதுதான். அதை எடுத்துப் பார்த்த என் மகள் கேட்டாள்:

"அப்பா, இவங்களுக்கு நீங்க எப்போ ஓட்டுப் போட்டீங்க?"

"எவங்களுக்கு?"

"இந்த நகராண்மைக் கழகத்துக்கு."

"போட்டதே இல்லைம்மா."

"தாத்தா?"

"அவரும் போட்டதில்லை."

அவளுக்கு இந்த வருடம்தான் 18 வயது நிறைந்தது. வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் தானாகவே ஏறிவிட்டது. நாடாளுமன்றத்துக்கு ஓர் ஓட்டு, சட்டமன்றத்துக்கு ஓர் ஓட்டு. வீட்டு வாசலில் இருக்கும் சாலைக்கும், சாக்கடைக்கும், தெருவிளக்கும் ஓட்டு இல்லை என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வரிசை வீடுகளின் பின்சந்து லோங்காங் மூன்று மாதமாக அடைத்துக் கிடக்கிறது. ஒரு மணிநேரம் மழை பெய்தால் தண்ணீர் சமையலறைப் படி வரை வந்துவிடும். கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. வரிசையில் இரண்டு வீட்டில் டிங்கி காய்ச்சல் வந்துபோனது. செயலியில் மூன்று முறை புகார் செய்தேன். மூன்று முறையும் ஓர் எண் கொடுத்தார்கள். மூன்று முறையும் 'நடவடிக்கை முடிந்தது' என்று பதில் வந்தது. லோங்காங் மட்டும் அப்படியே இருந்தது.

"இந்த வட்டாரத்துக்குக் கவுன்சிலர் யார்?" என்று எங்கள் தாமான் புலனக் குழுவில் கேட்டேன். நாற்பது பேர் இருக்கும் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்து வருடமாக இங்கே குடியிருக்கும் எனக்கும் தெரியவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அன்றிரவு பினாங்கில் இருக்கும் பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு வயது 90ஐ நெருங்குகிறது. "நீங்க ஊராட்சித் தேர்தல்ல ஓட்டுப் போட்டிருக்கீங்களா?" என்றேன்.

"போடாம? ஜார்ஜ்டவுன்ல நாங்க எல்லாரும் போட்டோம்," என்றார். குரலில் ஒரு தெம்பு வந்துவிட்டது. "தெருக் குழாய், வாளிக் கக்கூஸ், அங்காடி லைசென்சு, இதுதான் அப்போ பேச்சு. ஓட்டுக் கேட்டு வந்தவன் நாலு தெரு தள்ளித்தான் இருப்பான். வேலை நடக்கலைன்னா கோப்பிக் கடையில பிடிச்சு நாலு வார்த்தை கேட்கலாம்."

இளையவர்கள் பலருக்கு இந்தக் கதை தெரியாது. ஜார்ஜ்டவுனில் 1951இலேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியில் நடந்தது. பங்சார், செந்தூல், இம்பி, பெட்டாலிங் என நான்கு வட்டாரங்கள், மொத்தம் 12 இடங்கள். அதில் அம்னோவும் மசீசவும் கைகோத்து 9 இடங்களைப் பிடித்தன. பின்னாளில் நாட்டை ஆண்ட கூட்டணிக்கு விதை விழுந்தது அந்த நகராட்சித் தேர்தலில்தான். 1955 பொதுத்தேர்தலுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்களில் மக்கள் ஓட்டுப் போட்டுப் பழகியிருந்தார்கள்.

1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் யார் தெரியுமா? தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். நம்மவர். அவர் பெயரில் அங்கே ஒரு சாலை இன்றும் இருக்கிறது. அதன் வழியாகப் போய்வரும் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

பிறகு என்ன நடந்தது? இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்களைப் பிரதமர் துங்கு நிறுத்திவைத்தார். கோலாலம்பூரில் அதற்கு முன்பே, 1961இல், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் இடத்துக்கு ஆணையர் வந்துவிட்டார். பினாங்கில் முறைகேட்டுப் புகார்கள் எழுந்து, 1966இல் மாநகர் மன்றத்தின் அதிகாரம் மாநில முதல்வரின் கைக்குப் போனது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

இந்த ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவரும் ஒரு தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடிந்த அறிக்கை 1971இல் வெளியானது. தேர்தல் தொடர வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்று முதல் கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. தலைவரைத் தவிர்த்து 8 முதல் 24 பேர் வரை இருக்கலாம். பினாங்கு அரசு தேர்தலைத் திரும்பக் கொண்டுவர 2012இல் ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பயமும் கூடவே எழுகிறது. நகரத்தில் இனவாரியாக ஓட்டுப் பிரியும் என்கிறார்கள். நம் வீடுகளில் அது வேறு விதமாகப் பேசப்படுகிறது. 'நியமனம் என்றால் கட்சிப் பட்டியலில் நம்மவர் இரண்டு பேராவது வருவார்கள். தேர்தல் என்று வந்தால் சிறுபான்மையான நமக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?' என் நண்பர் ஒருவர் இதையே கேட்டார். நியாயமான கேள்விதான்.

எனக்கு இராமநாதன்தான் நினைவுக்கு வந்தார். சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஊர் ஜார்ஜ்டவுன். அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு உருவாக்கிய மன்றம் ஒரு தமிழரை மேயராக்கியது. லோங்காங் அடைத்தால் எல்லார் வீட்டுக்குள்ளும்தான் தண்ணீர் வரும். அதைச் சரிசெய்பவர் எந்த இனம் என்று அன்றைய மக்கள் அளந்து பார்க்கவில்லை. இன்றைய மக்களும் அப்படியே நடப்பார்கள் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால், நடக்கவே நடக்காது என்று சொல்வதற்கும் இடமில்லை.

நியமிக்கப்படுபவர்களிலும் நல்லவர்கள் உண்டு. ஓடியாடி வேலை செய்யும் கவுன்சிலர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவருடைய பதவி நீடிப்பது நம் கையில் இல்லை, அவருடைய கட்சியின் கையில் இருக்கிறது. நாம் கோபப்பட்டால் அவருக்கு நஷ்டமில்லை. நாம் பாராட்டினாலும் அவருக்கு லாபமில்லை. என் மகள் கேட்ட கேள்விக்குள் இருந்த சங்கடம் இதுதான்.

தேர்தல் என்று வரும், தெரியாது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது சில கதவுகள் திறந்தே இருப்பது தெரிந்தது. மன்றத்தின் கூட்டங்களில், மன்றமே தீர்மானம் போட்டு மூடினாலொழிய, பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம் என்கிறது அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு. சொத்து மதிப்பீட்டை மாற்றி வீட்டு வரியை உயர்த்தும் அறிவிப்பு வந்தால், அதில் குறிக்கப்பட்ட நாளுக்கு முன்பே எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வட்டாரத் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, நம் தாமான் பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று பார்த்துக் கருத்துச் சொல்லலாம். இவற்றில் ஒன்றையாவது நான் செய்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. செயலியில் புகார் போட்டதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

சென்ற வாரம் எங்கள் வரிசையில் ஒன்பது வீடுகளுக்குப் போனோம். மலாயில் ஒரு கடிதம், பின்னால் மூன்று படங்கள், மூன்று புகார் எண்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என எல்லா வீட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாம் வீட்டு அங்கிள்தான் வட்டாரக் கவுன்சிலரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கடிதத்தின் நகலை அவருக்கும் அனுப்பினோம். கழக அலுவலக முகப்பில் என் மகளே கடிதத்தை நீட்டி, நம் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டாள். அடுத்த மன்றக் கூட்டம் எப்போது என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பெரியப்பா அழைத்தார்.

"லோங்காங்கைச் சுத்தம் பண்ணிட்டாங்களா?"

"இன்னும் இல்லை, பெரியப்பா. இன்னைக்குத்தான் கடிதம் கொடுத்திருக்கோம்."

"யார் கையில கொடுத்தீங்கன்னு பேரை எழுதி வச்சுக்கோ," என்றார்.

மகள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்.