அறக்கொட்டியை வளர்ப்பது யார்?

"நெற்செய்கையில் அறக்கொட்டித் தாக்கம், விவசாயிகள் கவலை." பத்திரிகைப் பணியில் இந்தத் தலைப்பை எத்தனை பெரும்போகங்களில் செப்பனிட்டேன் என்பது எனக்கே நினைவில்லை. செய்தியின் முடிவில் வரும் கோரிக்கையும் மாறுவதில்லை: பூச்சிநாசினி போதாது, இன்னும் வேண்டும். அந்தப் பூச்சிநாசினியே பல வேளைகளில் அறக்கொட்டியைப் பெருக்குகிறது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தி, நெற்பயிரின் அடித்தண்டில் இருந்து சாறுறிஞ்சுவது. விதைத்து முதல் 40 நாட்களுக்குள் இலைசுருட்டியைக் கண்டு கலங்கும் விவசாயி மருந்தடிக்கிறார். அந்த வயதில் இழந்த இலையைப் பயிர் பெரும்பாலும் தானே ஈடுசெய்துவிடும். தெளித்த நஞ்சோ தத்தியை வேட்டையாடும் சிலந்திகளையும், அதன் முட்டைகளை உறிஞ்சும் சிறுபூச்சிகளையும் கொன்றுவிடுகிறது. இலைமடலுக்குள் இடப்பட்ட தத்தியின் முட்டைகள் தப்பிவிடுகின்றன. அவை பொரிக்கும்போது வயலில் காவலர் எவருமில்லை. வட்டம் வட்டமாகப் பயிர் கருகுவது அதன் பின்னரே. அளவுக்கு மிஞ்சிய யூரியா அந்த அழிவை விரைவுபடுத்துகிறது.

இது எனது கற்பனையன்று. 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்ட இந்தோனேசியா, மானிய விலையில் பூச்சிநாசினியை வாரி வழங்கியும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் தத்தியிடம் பெரும் இழப்பைச் சந்தித்தது. 1986 நவம்பரில் ஜனாதிபதி சுகார்த்தோ 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்வயலில் பயன்படுத்தத் தடைவிதித்தார். 1989 தொடக்கத்தில் மானியமும் முற்றாக நீங்கியது. அரிசி உற்பத்தி வீழ்ந்ததா? இல்லை, கூடியது.

உடனே 2021ஐ நினைவூட்ட வருவோர் உளர். அந்த ஆண்டு இலங்கை அரசு இரசாயன உரத்தையும் பீடைநாசினியையும் ஒரே வீச்சில் நிறுத்தியது, நவம்பரில் பின்வாங்கியது, விவசாயி நடுத்தெருவில் நின்றார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இந்தோனேசியா உரத்தைத் தடைசெய்யவில்லை. தத்தியைப் பெருக்கிய நஞ்சுகளைத் தேர்ந்து விலக்கியது. விவசாயிகளை வயலுக்குள் இறக்கி, நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்வது எது என்று எண்ணிப் பார்க்கக் கற்பித்தது. நாம் தடையை மட்டும் விதித்தோம், கல்வியை மறந்தோம்.

ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் நமக்குப் புதிதுமன்று. 1980களிலேயே இங்கும் அந்தப் பயிற்சி தொடங்கியது. இன்றோ பயிரில் ஒரு புள்ளி கண்டவுடன் விவசாயி ஓடுவது மருந்துக் கடைக்கு. விற்பவரே வைத்தியருமாக இருந்தால் நோய் எப்படித் தீரும்?

ஆகவே எனது கோரிக்கை வேறு. விவசாயப் போதனாசிரியரை வாரந்தோறும் வயலுக்கு அனுப்புங்கள். வரம்பில் நின்று பார்த்தால் போதாது; இறங்கி அடித்தண்டை விலக்கித் தத்தியையும் சிலந்தியையும் எண்ணச் சொல்லுங்கள். நஞ்சு இறுதி ஆயுதமாக இருக்கட்டும். அதை முதல் ஆயுதமாக எடுத்தவரை, அறக்கொட்டி ஒருபோதும் ஏமாற்றியதில்லை. தவறாமல் திரும்பி வந்திருக்கிறது.