‘ஒரிஜினல் மிலிட்டரி பீஸ் சார்!’: பழைய போர் ஹெல்மெட் அசலா, போலியா? கண்டுபிடிப்பது எப்படி?

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால், நடுவில் இப்படி ஒன்று வந்து நிற்கலாம். துருப்பிடித்த ஓர் இரும்பு ஹெல்மெட். பின்னணியில் சோக இசை. மேலே எழுத்து: ‘இரண்டாம் உலகப்போர் ஒரிஜினல். பர்மா பார்டர்ல கிடைச்சது. ஒரே ஒரு பீஸ்தான்.’ கமென்ட்டில் விலை கேட்டால், ‘டி.எம் பண்ணுங்க’ என்பார்கள். அங்கே போனால் பல ஆயிரம் ரூபாய். ‘இன்னைக்கு அட்வான்ஸ் போட்டா நாளைக்கே கொரியர்.’

போனில் படத்தைப் பார்த்து மட்டும் இது அசல் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் போலி என்பதைப் பல நேரங்களில் சொல்லிவிடலாம். அதற்குக் கொஞ்சம் வரலாறு, ஒரு காந்தம், கேட்க வேண்டிய நாலு கேள்விகள் போதும்.

எதற்கு இவ்வளவு நகல்கள்?

நகல் செய்வது குற்றம் இல்லை. சினிமாவுக்கு, நாடகத்துக்கு, ஹோட்டல் அலங்காரத்துக்கு எல்லாம் பழைய தோற்றம் கொண்ட பொருட்கள் தேவைப்படுகின்றன. உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற ஊர்களில் பித்தளைத் திசைகாட்டி, தொலைநோக்கி, அலங்காரத் தலைக்கவசம் எல்லாம் ‘ஆன்டிக் ஃபினிஷ்’ கொடுத்துத் தயாராகி, வெளிநாடுகளுக்கும் போகின்றன. தயாரிப்பவர் அதை நகல் என்றே சொல்லி விற்கிறார். நாலு கை மாறிய பிறகு, ‘நகல்’ என்ற வார்த்தை காணாமல் போகும்போதுதான் மோசடி தொடங்குகிறது.

இரண்டாவது வகை, அசல் ராணுவ ஹெல்மெட்தான். ஆனால் சொல்லப்படும் காலம் தவறு. போருக்குப் பிறகும் பல நாடுகள் அதே வடிவத்தில் பல ஆண்டுகள் ஹெல்மெட் தயாரித்தன. அப்படி ஒன்றுக்கு புது பெயின்ட் அடித்து, ‘1944 நார்மண்டி’ என்று சொல்லிவிட்டால் விலை பல மடங்கு ஏறிவிடும். இதைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

முதல் கேள்வி: எந்தப் போர், எந்த ஆண்டு?

விற்பவர் சொல்லும் கதையை முதலில் காலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய ‘63-வது பாளையங்கோட்டை இலகு காலாட்படை’, 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா போரில் இறக்கப்பட்டது. இன்றைய தான்சானியாவில் இருக்கும் ஊர் அது. யாராவது ‘டாங்கா போரில் நம்ம ஊர் சிப்பாய் போட்டிருந்த இரும்பு ஹெல்மெட்’ என்று விற்க வந்தால், பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம். காரணம், 1914-ல் பிரிட்டிஷ் படைகளிடம் இரும்பு ஹெல்மெட்டே கிடையாது.

பிரான்ஸ் 1915-ல் தன் வீரர்களுக்கு இரும்பு ஹெல்மெட் கொடுத்தது. பிரிட்டனில் ஜான் லியோபோல்ட் பிராடி என்பவர் காப்புரிமை பெற்ற, சூப் தட்டைக் கவிழ்த்தது போன்ற ஹெல்மெட்டும் அதே 1915-ல்தான் வந்தது. ஜெர்மனியின் புகழ்பெற்ற காது மறைக்கும் ஹெல்மெட் 1916-ல் வந்தது. அமெரிக்காவின் ‘எம்-1’ 1941-ல் ஏற்கப்பட்டது. இந்த நாலு தேதிகளை நினைவில் வைத்தாலே பல கதைகள் அங்கேயே உடைந்துவிடும்.

காந்தம் என்ன சொல்லும்?

வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தம் போதும். பிராடி ஹெல்மெட் ஆரம்பத்தில் சாதாரண எஃகில் செய்யப்பட்டாலும், சீக்கிரமே ராபர்ட் ஹாட்ஃபீல்ட் உருவாக்கிய மாங்கனீசு எஃகுக்கு மாறியது. சுமார் 12% மாங்கனீசு கலந்த இந்த எஃகில் காந்தம் ஒட்டாது. ஒட்டினாலும் லேசாகத்தான் இழுக்கும். இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்க எம்-1 ஹெல்மெட்டும் இதே வகை எஃகுதான். அதனால் ‘போர்க்கால எம்-1’ என்று விற்கப்படும் ஹெல்மெட்டில் காந்தம் ‘டப்’ என்று ஒட்டிக்கொண்டால், அது பிற்காலத்து ஐரோப்பியத் தயாரிப்பாகவோ நகலாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் காந்தத்தின் தீர்ப்பு எல்லா ஹெல்மெட்டுக்கும் பொருந்தாது. ஜெர்மன் ஹெல்மெட் அசலாக இருந்தாலும் காந்தம் ஒட்டும். பிரிட்டனில் விமானத் தாக்குதல் பாதுகாப்புப் பணியாளர்களுக்காகச் செய்யப்பட்ட மலிவான ஹெல்மெட்டுகளில் சாதாரண எஃகும் உண்டு. எனவே, எந்த நாட்டு ஹெல்மெட் என்று தெரிந்த பிறகே காந்தத்தை எடுங்கள்.

விளிம்பு, கொக்கி, முத்திரை

அடுத்து, விற்பவர் சொல்லும் மாடலும் பொருளும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜெர்மன் 1935, 1940 மாடல்களில் விளிம்பு உள்பக்கமாக மடித்து உருட்டப்பட்டிருக்கும். போர் முற்றி, வேலையைச் சுருக்க வேண்டி வந்ததால் 1942 மாடலில் விளிம்பை மடிக்காமல் அப்படியே விட்டார்கள். ‘இது 42 மாடல்’ என்று சொல்லிவிட்டு மடித்த விளிம்பைக் காட்டினால் கணக்கு உதைக்கிறது. அசல் ஜெர்மன் ஹெல்மெட்டின் உள்ளே தயாரிப்பாளரின் எழுத்துக் குறியீடும் அளவு எண்ணும் குத்தப்பட்டிருக்கும். அது உலோகத்தில் அழுத்தமாகப் பதிந்திருக்க வேண்டும். கீறி எழுதியதுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எம்-1 ஹெல்மெட்டில் தாடைப்பட்டை மாட்டும் வளையத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் அது அசையாமல் பற்றவைக்கப்பட்டிருந்தது. 1943 முதல் அசையும் வளையம் வந்தது. விளிம்பில் சுற்றியுள்ள தகட்டின் இணைப்பு முதலில் நெற்றிப் பக்கம் இருந்தது. 1944 இறுதியில் பின்பக்கம் போனது. முன்பக்க இணைப்பும் அசையாத வளையமும் இருந்தால் போரின் முற்பகுதி. இணைப்பு பின்பக்கம் இருக்கிறது, ஆனால் விற்பவர் ‘1942’ என்கிறார் என்றால், ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

திருப்பி, உள்ளே பாருங்கள்

வெளியே பெயின்ட் அடிப்பது சுலபம். உள்ளே இருக்கும் தோலும் துணியும் நூலும் பொய் சொல்வது கடினம். பல ஆண்டுகள் தலையில் இருந்த தோல், வியர்வை பட்ட நெற்றிப் பகுதியில் கறுத்து இறுகியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில் ‘பழசாக’ இருந்தால், அதைச் சாயத்தில் முக்கியிருக்கலாம்.

புற ஊதா டார்ச் ஒன்றை இருட்டறையில் அடித்துப் பார்க்கலாம். போருக்குப் பிந்தைய துணிகளிலும் நூல்களிலும் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் அந்த ஒளியில் பளீரென நீலமாக மின்னும். பாலியஸ்டர் நூலும் போருக்குப் பிறகுதான் சந்தைக்கு வந்தது. ஆனால் பிற்காலத்தில் சலவை செய்யப்பட்ட அசல் பட்டையும் சோப்பினால் மின்னக்கூடும். உள்பாகம் மட்டும் பிறகு மாற்றப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியிருந்தால் அது போலி ஆகாது. ஆனால் விலை குறைய வேண்டும்.

துரு: வயதுச் சான்றிதழ் அல்ல

உப்புத் தண்ணீர், அமிலம், ஈர மண். இந்த மூன்றில் ஒன்று கிடைத்தால் புது இரும்பும் சீக்கிரமே ‘பழசாகி’விடும். அப்படி வந்த துரு பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மேலோட்டமாக இருக்கும், விரலில் ஒட்டும். பல ஆண்டு துரு கறுத்து, உலோகத்தில் குழி விழவைத்திருக்கும். பெயின்ட் தேய்ந்த இடங்களையும் கவனியுங்கள். கை படும் விளிம்பிலும் தரையில் படும் உச்சியிலும் தேய்ந்திருந்தால் நியாயம். எதுவும் படாத உள்மூலையில் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை.

குண்டு துளைத்த ஓட்டை இருந்தால் விலை ஏறும் என்பதால், துரப்பண இயந்திரத்தால் ஓட்டை போட்டும் விற்கிறார்கள். வட்டமாக, சுத்தமாக, சுற்றிலும் உள்ள பெயின்ட்கூட உதிராமல் ஓர் ஓட்டை இருந்தால், அங்கே குண்டு பாயவில்லை என்று அர்த்தம்.

‘தாத்தா கொண்டுவந்தது’: உண்மையாக இருக்குமா?

இதுதான் அதிகம் எடுபடும் கதை. கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹெல்மெட் ராணுவத்தின் சொத்து. பணி முடிந்து ஊருக்குத் திரும்பும் வீரர் அதை ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். விதிவிலக்குகள் இருக்கலாம், உபரிச் சரக்காக ஏலத்தில் போனதும் உண்டு. ஆனால் வீரருக்கே சொந்தமாகக் கொடுக்கப்பட்டவை மெடலும், பணி விடுவிப்புச் சான்றும்தான். இரண்டாம் உலகப்போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் ராணுவத்தில் சேர்ந்தார்கள். அந்தத் தலைமுறையின் டிரங்குப் பெட்டிகளில் ஹெல்மெட்டை விட மெடலே அதிகம் இருக்கும்.

உண்மையான இழப்பு நடப்பதும் இங்கேதான். ஒரு பக்கம், ஐ.டி வேலையில் இருக்கும் பேரன் ஆன்லைனில் போலி ஹெல்மெட்டுக்கு அட்வான்ஸ் கட்டுகிறான். மறுபக்கம், அவன் வீட்டு அசல் மெடல் காயலான் கடைக்கோ நகைக்கடை உருக்கலுக்கோ போகிறது. முதல் உலகப்போருக்காகக் கொடுக்கப்பட்ட ‘பிரிட்டிஷ் போர் மெடல்’ வெள்ளியால் ஆனது. 36 மில்லிமீட்டர் விட்டம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரைவீரனும் 1914, 1918 என்ற ஆண்டுகளும். தொழிலாளர் படையில் போனவர்களுக்கு இதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள்.

அதன் மதிப்பு வெள்ளியில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அந்த மெல்லிய விளிம்பில் பதிக்கப்பட்டிருக்கும். உருக்கினால் வெள்ளி மிஞ்சும். ஒரு மனிதர் போருக்குப் போனதற்கான கடைசிச் சாட்சியாக இருக்கக்கூடிய அந்தப் பெயர் போய்விடும். அதே ஓரம்தான் போலியையும் காட்டிக்கொடுக்கும். வார்ப்பில் ஊற்றி எடுத்த நகலில் எழுத்துகள் மழுங்கி, சின்னச் சின்னக் குழிகளோடு இருக்கும்.

வீட்டில் அப்படி எதுவும் இருந்தால் பாலிஷ் போடாதீர்கள். ஓரத்தில் உள்ள எழுத்தைப் போட்டோ எடுங்கள். யாருடையது, எப்போது வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, பொருளோடு சேர்த்து வையுங்கள். போரில் இறந்தவர்களின் பெயர்களை காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-ன்படி, 100 ஆண்டுகளைக் கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள் ‘தொல்பொருள்’ ஆகலாம். முதல் உலகப்போர் கால அசல் பொருட்கள் இந்த வயதைத் தாண்டிவிட்டன. தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். ‘1916 ஒரிஜினல்’ என்று விற்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பழைய பீரங்கிக் குண்டு, தோட்டா என்று எதையாவது யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம், தொட வேண்டாம். 112-க்குச் சொல்லுங்கள். போர்க்கால கேஸ் மாஸ்க் வாங்கினால் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள்; அவற்றில் பலவற்றின் வடிகட்டியில் நுரையீரலைப் பாதிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது.

பணம் அனுப்பும் முன்

• ஹெல்மெட்டின் உள்பக்கம், விளிம்பு, வளையம், முத்திரை ஆகியவற்றின் தெளிவான படங்களைக் கேளுங்கள். ‘அதெல்லாம் எடுக்க முடியாது’ என்றால் விட்டுவிடுங்கள்.

• காந்தம் வைத்துப் பார்க்கும் வீடியோ கேளுங்கள்.

• ‘அசல், இந்த ஆண்டு, இந்த நாடு’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும் வசதி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

• கதைக்குத் தனி விலை கொடுக்காதீர்கள். பெயர், கடிதம், போட்டோ, சான்று என ஆதாரம் இருந்தால் மட்டுமே கதைக்கு மதிப்பு.

நீங்கள் விற்கப் போனாலும் வலை உண்டு. பழைய நாணயம், நோட்டு விற்பதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே கட்டணமும் வரியும் கேட்கும் கும்பல்கள் பற்றி அந்த வங்கி 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. ‘உங்க மெடலுக்கு வெளிநாட்டுல லட்சக்கணக்குல ஆஃபர் இருக்கு, முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க’ என்று யாராவது சொன்னால் இதுவும் அதே பாணிதான். வாங்குபவர்தான் பணம் தர வேண்டும்; விற்பவர் எதற்குக் கட்ட வேண்டும்?

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்க வேண்டாம். ஆன்லைன் பண மோசடிக்கு உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு. பொருள் தொடர்பான நுகர்வோர் புகாருக்கு 1915. அப்படியே இந்த வாரம் ஊருக்குப் போகும்போது, பரண் மேல் இருக்கும் அந்த டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.